குப்புறப் படுத்த இலை

ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் விளக்கை அணைத்தேன். பால் காய்ச்சினேன். செய்தித்தாளை எடுத்து மேசையில் வைத்தேன், படிக்கவில்லை. இரண்டு சட்டைகளைத் தேய்த்தேன். ஆறரைக்கு அத்தை எழுந்து வந்தார். இருவரும் காபி குடித்தோம்.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய அம்மா என்னோடு இருக்கிறார். அல்லது நான் அவரோடு இருக்கிறேன்.

அத்தை முப்பது வருஷம் தையற்கடை நடத்தியவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் வெளியே வரமாட்டார். என் முதல் வழக்கின்போது, வீட்டில் தனியாக இருக்க முடியாது என்று துணைக்கு வந்தார். அதன் பிறகு எல்லா வழக்குக்கும் வருகிறார். பலர் அவரைத்தான் துப்பறிபவர் என்றும் என்னை டிரைவர் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் மறுப்பதில்லை.

ஏழரைக்கு அழைப்பு மணி அடித்தது. வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சட்டைப் பையில் இன்னும் விசில் இருந்தது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"என் பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்க சார்," என்றார். "இன்னிக்கு நாலு மணிக்கு அவளை வெளியே அனுப்பற கடுதாசியில கையெழுத்து. அது விழுந்துட்டா அப்புறம் எந்த லேபும் அவளைச் சேர்க்காது."

"என்ன பொய் சொன்னாங்களாம்?"

"இலைக்கு வந்த வியாதியை இட்டுக்கட்டி எண்ணிட்டாளாம்."

"எண்ணறதுல என்ன பொய்? என் கடைப் பட்டனையே நான் ஒரு தடவையும் சரியா எண்ணினது இல்ல," என்றார் அத்தை. "உள்ள வந்து உக்காருங்க."

அவருடைய மகள் தாவர நோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. நாள் முழுக்கத் தட்டுகளில் முளைக்கும் புள்ளிகளை எண்ணுவதால் அங்கே அவளுக்குப் புள்ளி என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"பெரிய புள்ளியா வருவான்னு நினைச்சேன்," என்றார் கண்டக்டர். "முற்றுப்புள்ளி வைக்கப் பாக்கறாங்க."

நோட்டைப் புரட்டினேன். கடைசியாக எழுதிய பக்கம் தெளிவாக இருந்தது. குடைமிளகாய்ச் செடி. ஏழு இலைகளுக்கு ஊசி. ஒவ்வொரு இலையிலும் நடு நரம்புக்கு இடது பாதியில் ரௌடி, வலது பாதியில் நோஞ்சான்.

"இதுல ரௌடி எங்கேருந்து வந்தான்?" என்றார் அத்தை.

"கிருமிம்மா. இலையைப் பொத்தல் பொத்தலா அழுக வைக்கிற கிருமி. நோஞ்சானும் அதே கிருமிதான். ஆனா அதுக்குள்ளேருந்து ஒரு சின்னத் துண்டை என் பொண்ணு எடுத்துட்டா. எடுத்த பிறகு அதால இலைக்குள்ள வளர முடியல. அந்தத் துண்டு என்னன்னு தெரிஞ்சா நோய்க்கே மருந்து கண்டுபிடிக்கலாமாம். மூணு தடவை எண்ணிக் காட்டினா. நாலாவது தடவை, சரிபாக்கறதுக்காக வேற ஆளை விட்டு எண்ணினாங்க. தலைகீழா வந்துடுச்சு. நோஞ்சான் கொழுத்துட்டான், ரௌடி மெலிஞ்சுட்டான்."

"ரௌடிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்," என்றார் அத்தை.

கண்டக்டர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். வழக்கை எடுத்துக்கொண்டோம்.

கண்டக்டரோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். வாசலில் காவலர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் புள்ளி உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண். விரல் நுனிகளில் அழியாத மை.

"உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க சார். இன்னியோட ஏழு நாள்."

"நாலாவது தடவை ஊசி போட்டது யாரு?"

"நான்தான். பேராசிரியர் பக்கத்துலயே நின்னு பாத்தாரு. போட்டு முடிச்சதும் சாவியை வாங்கிட்டாரு. மூணாம் நாள் இலையை அறுத்தது, அரைச்சது, எண்ணினது எல்லாம் கடிகாரம் அண்ணன்."

"யாரு அது?"

"எங்க டெக்னீஷியன். பத்து மணின்னா பத்து மணி. பத்து அடிச்சு ஒரு நிமிஷம்னா அது அவருக்கு மறுநாள்."

"உனக்கும் அவருக்கும் சண்டை உண்டா?"

கொஞ்சம் தயங்கினாள். "இலை வெட்டற அவரோட துளைக்கருவியை ஒருநாள் கேக்காம எடுத்துட்டேன். மூணு மாசம் பேசல. ஆனா அவர் இப்படிச் செய்யற ஆள் இல்ல சார்."

"நல்ல பொண்ணு," என்றார் அத்தை. "சந்தேகப்பட ஒரே ஒரு ஆளு இருந்தான். அவனையும் விட்டுட்டா."

வாசலில் ஒரு தொட்டிச்செடி இருந்தது. அகலமான இலைகள். "ஊசி எப்படிப் போடுவே? காட்டு," என்றேன்.

என் பேனாவின் மூடியை வாங்கிக்கொண்டாள். ஓர் இலையைக் காம்பு தன் பக்கம் இருக்கப் பிடித்தாள். புரட்டினாள். மூடியின் வாயை இலையின் அடிப்பக்கத்தில் ஒட்ட வைத்து, மறுபுறம் விரலால் தாங்கிக்கொண்டு மெல்ல அழுத்தினாள்.

"ஊசின்னு பேருதான். முனை கிடையாது. வெறும் சிரிஞ்ச் வாய். இலை மூச்சு விடற ஓட்டையெல்லாம் கீழதான் நிறைய இருக்கு. அது வழியா உள்ள போயிடும். இடதுல ரௌடி." கொஞ்சம் தள்ளி வைத்தாள். "வலதுல நோஞ்சான்."

"வாயைக் கீழ வச்சிருக்கு பாருங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "அதான் எதிர்த்துப் பேசாம எல்லாத்தையும் வாங்கிக்குது."

பேராசிரியர் அறை மாடியில். மேசையில் அந்தக் கடிதம் அச்சடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. மனிதர் கெட்டவராகத் தெரியவில்லை. தூக்கம் கெட்டவராகத் தெரிந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். "என் மாணவர்கள்ல அவதான் கெட்டி. ஆனா கணக்கைப் பாருங்க." ஒரு தாளைத் தள்ளினார். "ஆறு இலை. ஆறுலயும் நோஞ்சான் நூறு மடங்கு அதிகம். அவ மூணு தடவை எழுதினதுக்கு நேர் எதிர்."

"தவறா டியூப் மாறியிருக்கலாமே."

"தவறுன்னா தள்ளாடும் சார். ஒரு இலையில மாறும், ரெண்டுல மாறும். இது ஆறுக்கு ஆறு, நூல் பிடிச்ச மாதிரி. ஒண்ணு அவ முன்னாடி எழுதினது பொய். இல்ல, டெக்னீஷியன் இப்ப வேணும்னே பாட்டிலை மாத்தியிருக்கான். ரெண்டுல ஒரு ஆள் போயாகணும். டெக்னீஷியன் பதினெட்டு வருஷமா இருக்கான். ஒரு நிமிஷம் பிசகினது இல்ல."

"பதினெட்டு வருஷமா என் தையல் மிஷினும் பிசகல," என்றார் அத்தை. "பத்தொன்பதாவது வருஷம் என் விரலைத் தைச்சுடுச்சு."

பேராசிரியர் அவரைப் பார்த்தார். "அம்மா யாரு?"

"இவருக்கு மாமியார். சந்தேகப்படறதுல எங்களை விட அனுபவசாலிங்க யாரு இருக்காங்க?"

கடிகாரம் கீழே ஆய்வகத்தில் இருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. எங்களுக்கும் ஆளுக்கொரு கோட்டு கொடுத்தார். கோட்டு இல்லாமல் உள்ளே யாருக்கும் இடமில்லை.

"நான் மாத்தினேன்னு சொல்றாங்களா? பாருங்க." குளிர்பெட்டியைத் திறந்து, கிருமி இருந்த இரண்டு பாட்டில்களை எடுத்தார். ஒன்றில் சிவப்பு மூடி, மற்றதில் நீல மூடி. "மூடி மாறலாம். அதனாலதான் அந்தப் பொண்ணு மூடியில எழுதல. பாட்டில் உடம்புல எழுதி, மேல டேப் ஒட்டி, டேப் மேலயும் கையெழுத்து. தட்டிலயும் அப்படித்தான். மூடியில எழுத மாட்டா, அடியில எழுதுவா. அவ கத்துக்கிட்டது யாருகிட்ட? என்கிட்ட."

டேப்பைப் பார்த்தேன். பிரித்து ஒட்டிய தடம் இல்லை.

"எண்ணறதைச் சொல்லுங்க," என்றேன்.

அவர் சொல்லும்போது கைகளும் கூடவே வேலை செய்தன. பேப்பர் பஞ்ச் போன்ற ஒரு கருவியால் இலையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரே அளவு வட்டம் வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் அழுக்குக் கிருமி கணக்கில் வராதபடி கழுவ வேண்டும். பிறகு அரைக்க வேண்டும்.

"அரைச்ச சாறுல கோடிக்கணக்குல இருக்கும். அப்படியே தட்டில விட்டா ஒரே வெள்ளைப் படலம், எண்ண முடியாது. அதனால ஒரு பங்கு சாறு, ஒன்பது பங்கு தண்ணி. அதுலேருந்து ஒரு பங்கு, மறுபடி ஒன்பது பங்கு தண்ணி. இப்படி ஆறு தடவை."

"எங்க பால்காரரும் இதையேதான் செய்யறார்," என்றார் அத்தை. "அவருக்கு யாரும் பட்டம் கொடுக்கல."

கடிகாரத்தின் மீசை அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். "கடைசித் தண்ணியில ஒரு துளி எடுத்துத் தட்டில விட்டா, அதுல இருக்கிற ஒவ்வொரு கிருமியும் ரெண்டு நாள்ல ஒரு புள்ளியா வளரும். புள்ளியை எண்ணி, எத்தனை தடவை தண்ணி ஊத்தினோமோ அத்தனை தடவை பத்தால பெருக்கினா, இலைக்குள்ள எத்தனை பேர் குடியிருந்தாங்கன்னு தெரியும்."

"இலையைக் கண்ணால பாத்தாலே தெரியாதா?"

"மூணாம் நாள் ஒண்ணும் தெரியாது சார். ரெண்டு பாதியும் பச்சைப்பசேல்னு சமர்த்தா இருக்கும். உள்ள மட்டும் ஊர்க்கூட்டம். அதுக்குத்தானே எண்ணறோம்."

"எந்தப் பாதி யாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் நோட்டுல இருக்கே. இடது ரௌடி, வலது நோஞ்சான்." மேசை மேல் கிடந்த ஓர் இலையை எடுத்துக் காம்பு தன் பக்கம் இருக்க வைத்தார். துளைக்கருவியை வைத்தார். "இடது. வலது. நறுக், நறுக்."

சுத்தமாக இருந்தது. எல்லாமே சுத்தமாக இருந்தது. பொய் சொல்லும் ஆள் என்று யாரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

மதியம் காவலர் அறைப் பக்கம் நால்வரும் நின்று பன் தின்றோம். கண்டக்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், கையில் கட்டியிருந்ததை. புள்ளி சாப்பிடவில்லை.

மூன்றே காலுக்குப் பேராசிரியர் எங்களைக் கீழே ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். கடிகாரம் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதியாம். கடிகாரம் அங்கே இல்லை. செடிக் கழிவு அறையில் வேலை என்றார்கள். பேராசிரியர் ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டை அவசரமாக இழுத்து மாட்டிக்கொண்டார். கடிதத்தை மேசையில் வைத்தார். பேனாவுக்காக இடது மார்பில் கை வைத்தார். பை இல்லை. மறுபடி தடவினார்.

"பேனா இங்கதானே வச்சேன்."

"வலது பக்கம், உள்ள பாருங்க," என்றார் அத்தை.

பேராசிரியர் வலது பக்கம் உள்ளே கையை விட்டார். பேனா வந்தது. அவர் அதை வெறித்துப் பார்த்தார்.

"எப்படித் தெரியும்?"

"தையல் எல்லாம் வெளிய தெரியுது சார். கோட்டை உள்பக்கமாத் திருப்பிப் போட்டிருக்கீங்க. திருப்பினா இடது பை வலதுக்குப் போயிடும். என் கடையில புதுசா வந்த பொண்ணுங்க எல்லாம் இதுல ஒரு தடவை மாட்டும். துணியைத் திருப்பி வச்சு வெட்டி, ஒரே சட்டைக்கு ரெண்டும் இடது கையாத் தைச்சுக் கொண்டுவந்து நிப்பாங்க. கேட்டா, நான் சரியாத்தான் வெட்டினேன்னு அழுவாங்க. அவங்க சொல்றதும் நிஜம்தான்."

நான் எழுந்துவிட்டேன்.

"அத்தை, வாசல்ல அந்தப் பொண்ணு இலையைப் பிடிச்சப்ப முதல்ல என்ன செஞ்சா?"

"புரட்டினா." அத்தையின் கை அளவு நாடாவில் நின்றது. "கடிகாரம் புரட்டல."

"சார், அவ நோட்டுல ஏழு இலைக்கு ஊசின்னு இருக்கு. உங்க கணக்குல ஆறு. ஏழாவது எங்கே?"

"உபரிக்கு ஒண்ணு போட்டு வைப்பா. அது செடியிலேயே இருக்கும். சோதனை முடிஞ்ச செடியெல்லாம் இன்னிக்கு ஆட்டோகிளேவுக்குப் போகுது."

"அப்படின்னா?"

"பெரிய குக்கர் மாதிரி. கிருமி வெளிய போகக்கூடாதுன்னு செடியை வேக வச்சுடுவோம்."

"எத்தனை விசில்?" என்றார் அத்தை, எழுந்து ஓடிக்கொண்டே.

"எத்தனை மணிக்கு?" என்றேன் நான்.

"மூணரைக்கு."

சுவரில் மூன்று இருபத்தெட்டு. நேரம் தவறாத மனிதரை நான் அன்று முதல் தடவையாக வெறுத்தேன்.

கழிவு அறை தாழ்வாரத்தின் கடைசியில். இடையில் கண்ணாடிக் கதவு, அது பூட்டியிருந்தது. கதவுக்கு அப்பால் கடிகாரம் தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார். வண்டியில் தொட்டிகள். கண்ணாடியைத் தட்டினேன். இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. குக்கரின் கதவைத் திறந்தார். பேராசிரியர் சாவியைத் தேடினார். அது கோட்டின் இன்னொரு பையில் இருந்தது. அந்தப் பை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

கழிவு அறைக்கு வெளியிலிருந்தும் ஒரு ஜன்னல் உண்டு. அதன் கம்பிக்கு வெளியே கண்டக்டரின் முகம் தெரிந்தது. காவலர் அறையில் நிற்கப் பொறுக்காமல் கட்டடத்தைச் சுற்றி வந்திருக்கிறார். அத்தை அவரைப் பார்த்து இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

கண்டக்டர் விசிலை எடுத்து ஒரு நீள ஊதல் ஊதினார். "ஹோல்டான்" என்று பஸ்ஸை நிறுத்தும் குரலில் அவர் கத்தியது கண்ணாடியைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

கடிகாரம் அப்படியே நின்றார். முதல் தொட்டி அவர் கையில் இருந்தது.

"பஸ்ஸையே நிறுத்தினவர்," என்றார் அத்தை, மூச்சு வாங்கியபடி. "இது வெறும் வண்டி."

தொட்டியை ஆய்வக மேசையில் வைத்தோம். புள்ளியையும் உள்ளே வரவழைத்தேன். பேராசிரியர் தடுக்கவில்லை. அவள் கோட்டு மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராகச் செடியிடம் போனாள். ஆறு இலைகள் இருந்த இடத்தில் வெட்டிய காம்புகள். ஏழாவது இலை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காம்பில் சிவப்பு நூல். ஏழு நாளாகிவிட்டதால் நோய் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பாதி ஈரம் கோத்து மஞ்சளாக வதங்கியிருந்தது. மறு பாதி பச்சை.

"அண்ணே," என்றேன் கடிகாரத்திடம். "வதங்கின பாதி எந்தப் பக்கம்?"

அவர் தொட்டியைத் திருப்பி, காம்பு தன் பக்கம் இருக்கக் குனிந்து பார்த்தார். "வலது." முகம் மலர்ந்தது. "வலதுன்னா நோஞ்சான். நான் எண்ணினது சரிதான் சார். நோஞ்சான்தான் வளர்ந்திருக்கான்."

பேராசிரியர் பெருமூச்சு விட்டுக் கடிதத்தை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "நீ சொல்லும்மா. எந்தப் பக்கம்?"

புள்ளி இலையைக் கையில் எடுத்தாள். காம்பு தன் பக்கம். தன்னையறியாமல் புரட்டினாள்.

"இடது," என்றாள். "இடது ரௌடி."

அவளுடைய கை இலையைப் பிடித்தபடி நின்றது. கடிகாரம் அவள் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த துளைக்கருவியைப் பார்த்தார்.

"கடவுளே," என்றார் மெதுவாக. "நான் மேல்பக்கத்துலேருந்து வெட்டினேன்."

"அவ அடிப்பக்கத்துலேருந்து ஊசி போட்டா," என்றேன். "முன்னாடி மூணு தடவையும் ரெண்டு வேலையும் அவளே செஞ்சதால ரெண்டு தடவையும் புரட்டினா. கணக்கு சரியா வந்தது. இந்தத் தடவை வேலையைப் பிரிச்சீங்க. ஒருத்தர் இடது இன்னொருத்தருக்கு வலதாயிடுச்சு. ஆறுக்கு ஆறு தப்பா வந்தா அது சதியா இருக்கணும்னு இல்ல சார். பழக்கமாவும் இருக்கலாம்."

"ரெண்டு பேரும் ரெண்டு இடது கை தைச்சிருக்கீங்க," என்றார் அத்தை.

பேராசிரியர் இலையைத் தானே ஒருமுறை புரட்டிப் பார்த்தார். மறுபடி புரட்டினார். "விதிமுறைத் தாள்ல இதெல்லாம் தெளிவா இருக்குமே," என்றார். "அதைப் படிக்காம யாரு வேலை செஞ்சது?"

விதிமுறைத் தாள் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பன்னிரண்டு வருஷம் பழையது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"மூணாவது வரி. 'இலையின் இடது பாதியில் முதல் கிருமி, வலது பாதியில் இரண்டாவது கிருமி.' முற்றுப்புள்ளி. இலை எப்படிப் படுத்திருக்கணும்னு ஒரு வார்த்தை இல்ல. கீழ ஒரு கையெழுத்து இருக்கு." தாளுக்கு இன்னும் நெருங்கினார். "மேசையில இருக்கிற கடுதாசியில போட இருந்தீங்களே சார், அதே கையெழுத்து."

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் வழக்கமாக யாராவது ஓடுவார்கள். பேராசிரியர் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கடிதத்தை நான்காகக் கிழித்து, கழிவுக் கூடையில் போட்டார். அதைக் கடிகாரம் எடுத்துக் காகிதக் கூடைக்கு மாற்றினார். முந்தையது செடிக் கழிவுக்கான கூடை.

"தாளைத் திருத்தறேன்," என்றார் பேராசிரியர். பேனாவை எடுத்தார். "இலையைக் குப்புறப் போடணும்னு எழுதவா, மல்லாக்கப் போடணும்னு எழுதவா?"

இதில் ஐந்து நிமிஷம் போனது. அடிப்பக்கம் மேலே இருப்பதால் மல்லாக்க என்றார் கடிகாரம். குப்புற என்றாள் புள்ளி. உள்ளே வந்து சேர்ந்துவிட்ட கண்டக்டர், மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

"இலைக்கு முகம் எந்தப் பக்கம்மா?" என்றார் அத்தை.

"வெயிலைப் பாக்கற பக்கம்," என்றாள் புள்ளி.

"அப்ப முகம் தரையைப் பாக்குது. குப்புறத்தான். எழுதுங்க சார்."

பேராசிரியர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமலே புள்ளியிடம், "சாவி என் கோட்டுல எங்கயோ இருக்கு. தேடி எடுத்துக்கோ," என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் மன்னிப்புக்கு மிக நெருங்கி வந்தது அதுதான்.

கடிகாரம் தன் துளைக்கருவியைத் துடைத்துப் புள்ளி பக்கம் நகர்த்தி வைத்தார். "கேட்டுட்டு எடு," என்றார்.

அந்தக் கணத்தில் அவள் என்ன சொன்னாள் என்பதற்குப் பல பதிப்புகள் உண்டு. உண்மை ஒருநாள் வெளியே வந்தே தீரும் என்று மகள் சொன்னதாகக் கண்டக்டர் தன் பழைய டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அத்தை சொல்லும் கதையில் அவள் அத்தையின் தோளில் சாய்ந்து, அம்மா என்று அழுகிறாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் அழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு செடி அறையைத் திறந்தாள். அலமாரியில் வரிசையாக நின்ற இளஞ்செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏழு நாள் வீணாப்போச்சு. சும்மா நிக்காம ஆளுக்கொரு தொட்டியைத் தூக்குங்க. இதுங்க பூத்துட்டா சோதனைக்கு ஆகாது."